பாட்டுக்கும் முழுப் பேர் விழ வேண்டும்

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குப் ‘பேர்’ என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. கணக்கப்பிள்ளை செக்ரோலில் போட்டால்தான் அது பேர். காலையிலிருந்து மழையில் நின்றிருந்தாலும், நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப் பேர். பேர் விழாத நாள் சம்பளம் இல்லாத நாள். இந்தக் கட்டுரை பாட்டுகளைப் பற்றியது, ஆனாலும் அதே பேர்க் கணக்குத்தான்.

எமது நறுவிலிக்குளம் கிளையின் சென்ற மாதக் கூட்டத்தில், நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு விடயம் வந்தது. அங்கத்தவர்களின் பிள்ளைகள் மூன்று பேர், இரண்டு பொடியன்களும் ஒரு பொம்பிளைப் பிள்ளையும், ஆறு பாட்டு ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். கிற்றார், டிரம்ஸ், கூடவே தப்பு. முருங்கனில் ஒரு வீட்டு அறையில், ஜன்னலுக்குச் சாக்குக் கட்டி, ஒரு மடிக்கணினியை வைத்துச் செய்தது. பாட்டன் கப்பலில் வந்து இறங்கிய கதை, லயத்துக் கதை, கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்த கதை, பள்ளிக்கூடத்தில் ‘தோட்டக்காட்டான்’ என்று பட்டம் வாங்கிய கதை எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு பாட்டின் துண்டை யாரோ கைத்தொலைபேசியில் பார்த்து, ஒரு கம்பனி பதினொரு பக்க ஆங்கிலப் படிவம் அனுப்பியிருக்கிறது. கையொப்பம் வைத்தால் உலகம் முழுக்க வெளியிடுவார்களாம். பிள்ளைகள் படிவத்தைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்கு வந்தார்கள்.

மூத்த தோழர் ஒருவர் எழும்பிக் கேட்டார்: “சம்பளப் பிரச்சினையே தலைக்கு மேல கெடக்குது. இதுல ரொக்குப் பாட்டுக்கு ஒப்பந்தம் பாக்கிறதா சங்கத்து வேல?” பலர் தலையாட்டினார்கள். நான் அன்று வாய் திறக்கவில்லை. இப்போது எழுதுகிறேன்: ஆம் தோழர், அது சங்கத்து வேலைதான்.

ஏன் என்று சொல்ல ஒருமுறை சென்னைக்குப் போய் வரவேண்டும். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பாதை புதிதல்ல. கோப்பிக் காலத்தில் அரிப்பிலும் தலைமன்னாரிலும் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான், பிறகு தலைமன்னார்த் துறையிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். அந்த மிச்சத்தையும் 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஆட்களைக் கேட்டுப் பிரித்ததில்லை. அப்படிக் கடல் தாண்டிப் போன தோட்டக் குடும்பங்களில் ஒன்று, அரக்கோணத்தில் பிறந்த அறிவரசு கலைநேசனுடையது. பாட்டு உலகில் அவர் பெயர் அறிவு. தன் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அறிவு முதலில் வெளியே தெரிந்தது ஒரு கூட்டத்தோடு. 2018 ஜனவரி 6ஆம் திகதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற இசைக்குழு மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சாதியற்ற தமிழர் என்பதிலிருந்து எடுத்த பெயர். பத்தொன்பது பேர். கானா பாடுகிறவர்கள், பறை அடிக்கிறவர்கள், சட்டி அடிக்கிறவர்கள், அவர்களுக்குப் பக்கத்தில் கிற்றாரும் டிரம்ஸும். ஆணவக் கொலை, இட ஒதுக்கீடு, மலக்குழியில் இறங்கிச் சாகிறவர்கள் என்று, படத்துக்காக யாரும் கேட்டு வாங்காத விடயங்களைப் பாடினார்கள். அந்தக் குழுவில் பாடிய இசைவாணி கானாவுக்கு வந்த அபூர்வமான பெண் குரல். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

பறையையும் கிற்றாரையும் ஒரே மேடையில், ஒரே உயரத்தில் வைத்தது சின்ன விடயமல்ல. தோட்டத்தில் தப்பு எதற்கு அடித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் விடியுமுன் ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்ப அடித்தது தப்பு. சாவு வீட்டுக்கும் திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் தப்பு வேண்டும். ஆனால் தப்பு அடிக்கிறவர் எங்கே சாப்பிட்டார்? உள்ளேயா, வாசலிலா? துரையைக் குறை சொல்கிற வாயால் இதையும் நாங்கள் சொல்லத்தான் வேண்டும். நறுவிலிக்குளத்துப் பிள்ளைகளின் ஆறு பாட்டிலும் தப்பு அடித்திருக்கிறவர் அறுபது தாண்டிய ஒரு தோழர். இதுவரை எமது மேதின மேடையில் அவரை ஏற்றியதில்லை. ஊர்வலத்துக்கு முன்னால் நடக்க விட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

அடுத்த வருடம், 2019இல், அறிவும் ‘ஒஃப்ரோ’ என்ற இசைத் தயாரிப்பாளரும் சேர்ந்து ‘தெருக்குரல்’ என்ற அல்பத்தைச் சுயாதீனமாக வெளியிட்டார்கள். பின்னால் படமும் இல்லை, கதாநாயகனும் இல்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகப் போராடிச் சுடப்பட்டவர்களில் 17 வயதுப் பிள்ளை ஸ்னோலினும் ஒருவர். அந்தப் பிள்ளையின் பெயரில் இந்த அல்பத்தில் ஒரு பாட்டு இருக்கிறது. எந்தப் பெரிய கம்பனி அதை முதலில் காசு போட்டு எடுத்திருக்கும்? சொந்தமாக வெளியிடுவதால் கிடைக்கிற முதல் இலாபம் இதுதான். எதைப் பாடக்கூடாது என்று சொல்ல ஆள் இல்லை. காசு இலாபம் வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

2021 மார்ச் மாதம் எங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். வருடக்கணக்காகக் கேட்ட ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்த மாதம் அது. கம்பனிகள் நீதிமன்றம் போனதும், பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டி வேலை நாளைக் குறைத்ததும் பின்கதை. அதே மாதம் 7ஆம் திகதி ‘என்ஜாய் எஞ்சாமி’ வெளிவந்தது. அறிவும் தீயும் பாடியது, சந்தோஷ் நாராயணன் இசை, ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவோடு தொடங்கிய ‘மாஜா’ வெளியிட்டது. ஒப்பாரியும் ராப்பும் கலந்த பாட்டு. கலியாண வீடு, பஸ், முச்சக்கரவண்டி என்று போகுமிடமெல்லாம் அது கேட்டது. யூரியூப்பில் 40 கோடி தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். பாட்டுக்குள் இருப்பது வள்ளியம்மாளின் கதை. மண்ணைப் பண்படுத்தியவருக்கு அந்த மண்ணில் ஒரு துண்டும் இல்லை என்கிற எங்கள் கதை. ஆடியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது வேறு. எனக்கும் ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

இனிப் பேர்க் கணக்குக்கு வருவோம். 2021 ஓகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ சஞ்சிகையின் அட்டையில் தீயும், கனடாவில் இருக்கும் எங்கள் தமிழ்ப் பொடியன் ஷான் வின்சென்ட் டி போலும் வந்தார்கள். பாட்டை எழுதிய அறிவு அட்டையில் இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார், சத்தம் எழுந்தது, அதன் பிறகு அறிவை வைத்து இணையத்துக்கென்று தனி அட்டை போட்டார்கள். முதலில் அரைப் பேர், பெரட்டுக்களத்தில் சண்டை போட்ட பிறகு முழுப் பேர். எங்களுக்குப் பழகின கதைதானே.

2022 ஜூலை 28ஆம் திகதி சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. மேடையில் பாட்டு இருந்தது, அறிவு இல்லை. அவர் அப்போது வெளிநாட்டில் இருந்தார் என்று மற்றத் தரப்பு சொன்னது. பாட்டு பெரும்பாலும் தன் உழைப்பு என்று அறிவு எழுதினார். மெட்டு யாருடையது, பங்கு எப்படி என்று சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் பக்கத்தை எழுதினார்கள். இதில் யார் சொல்வது சரி என்று நறுவிலிக்குளத்தில் இருந்து தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. மூன்று பேர் சேர்ந்து செய்த வேலையில் யார் எவ்வளவு என்பதை வேலை தொடங்கும் நாளிலேயே தாளில் எழுதாவிட்டால் இப்படித்தான் முடியும். ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் ஊரார் முன்னால் கணக்குப் பார்க்க வேண்டி வரும்.

2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இன்னொரு விடயம் சொன்னார். மூன்று வருடமாகியும் அந்தப் பாட்டின் வருமானத்தில் தனக்கோ தீக்கோ அறிவுக்கோ ஒரு சதமும் வந்து சேரவில்லை என்று காணொளியில் சொன்னார். ரஹ்மானும் பாதிக்கப்பட்டவரே என்றும் சேர்த்துச் சொன்னார். கம்பனிக்கும் தன் பக்கக் கதை இருக்கலாம். ஆனால் கலைஞர்களுக்கே உரிமை என்று சொல்லித் தொடங்கிய இடத்தில், 40 கோடி தடவை ஓடிய பாட்டுக்கு, பெயரும் செல்வாக்கும் உள்ள இசையமைப்பாளரே கணக்குக் கேட்டு நிற்கிறார் என்றால், முருங்கனில் சாக்குக் கட்டிப் பதிவு செய்த மூன்று பிள்ளைகளின் நிலை என்ன? தராசு யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கொழுந்தின் பாரம். கூடைக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கழித்ததை எங்கள் அம்மாமார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாட்டில் அந்தக் கழிவு கண்ணுக்கே தெரியாது.

அந்த 2024ஆம் ஆண்டிலேயே அறிவு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று ஒரு அல்பம் கொண்டுவந்தார். தலைப்பைக் கவனியுங்கள். தன் பெயரைப் போடவில்லை, பாட்டியின் பெயரைப் போட்டார். இந்தியாவிலும் சரி, இலங்கையிலும் சரி, எந்தச் செக்ரோலிலும் வள்ளியம்மாளுக்கு இதைவிடப் பெரிய எழுத்தில் பேர் விழுந்திருக்காது. எல்லாப் பாட்டும் எனக்குப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். சத்தம் கூடிய இடங்களில் சொல் விளங்கவில்லை, என் காதும் அந்தக் காலத்துக் காது. ஆனால் அந்தத் தலைப்பைக் கேட்டதும் எங்கள் கிளைப் பெண்கள் இருவர் தங்கள் பாட்டிமாரின் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். ஒருத்திக்குத் தன் பாட்டியின் பெயர் தெரியவில்லை. ‘கொழுந்துக்காரப் பாட்டி’ என்றுதான் வீட்டில் சொல்வார்களாம்.

இது சங்கத்துக்குப் புதிய வேலையா? இல்லை. கோ. நடேசய்யர் 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அமைத்தபோது, கூட்டத்துக்கு ஆட்களைச் சேர்த்தது பேச்சு மட்டுமல்ல. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் மேடையில் பாடினார். எல்லோருக்கும் தெரிந்த மெட்டில் தொழிலாளியின் நிலைமையைச் சொற்களாக்கி, 1940இல் சிறு புத்தகமாக அச்சிட்டு வெளியிட்டார். அவருக்குப் பிறகும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடி, தாங்களே அச்சிட்ட பாட்டுப் புத்தகத்தைச் சில்லறைக் காசுக்கு விற்றவர்கள் எத்தனையோ பேர். இன்று ‘சுயாதீன வெளியீடு’ என்று புதுப் பெயரில் சொல்வதும் அதே வேலைதான். அச்சுக்கூலியைக் கையிலிருந்து போட்டு, புத்தகத்தைத் தோளில் சுமந்து, காசை மடியில் கட்டிக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொழிற்சங்கவாதியும் கவிஞருமான சி.வி. வேலுப்பிள்ளை சேகரித்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் அவர் மறைந்த பிறகு 1987இல் நூலாக வந்தன. அவர் சேகரிக்காவிட்டால் பாதி அழிந்திருக்கும், அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டு அந்தப் பாட்டுகளைக் கட்டிய பெண்களின் பெயர் எங்கும் இல்லை. நாட்டார் பாடல் என்றால் ஆளில்லாத பாடல் என்று ஆகிவிட்டது. கட்டியவர் இருந்தார், பேர்தான் விழவில்லை.

சரி, சொந்தமாக வெளியிட்டால் பிள்ளைகளுக்குப் பணம் கொட்டுமா? கொட்டாது. இதை மறைத்துப் பேசுவது ஏமாற்று. ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. சொல்லும் மெட்டும் ஒன்று, அதைப் பாடி வாசித்துப் பதிவு செய்த ஒலிப்பதிவு மற்றது. கம்பனிகள் பெரும்பாலும் கேட்பது ஒலிப்பதிவை. சில படிவங்கள் இரண்டையும் கேட்கும். தாங்களே வெளியிட நினைப்பவர்கள் விநியோகம் செய்யும் ஒரு சேவைக்கு வருடக் கட்டணமோ பங்கோ கொடுத்தால், அது பாட்டை ஸ்பொட்டிபை, யூரியூப் எல்லாவற்றிலும் ஏற்றிவிடும். இரண்டு சொத்தும் கையில் இருக்கும். வருமானம் மட்டும் சொட்டுச் சொட்டாகத்தான். ஒருமுறை கேட்டால் கிடைப்பது அமெரிக்க சதம் ஒன்றுக்கும் குறைவு. 2024 தொடக்கத்திலிருந்து, 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டின் ஒலிப்பதிவுக்கு ஸ்பொட்டிபை எதுவும் கொடுப்பதில்லை. சின்னத் தோட்டத்துப் பிள்ளையின் கொழுந்தை நிறுக்கவே மாட்டேன் என்கிற மாதிரி. அறிவே படப் பாட்டும் எழுதித்தான் வாழ்கிறார். 2018இல் வந்த ‘காலா’ படத்திலும் அவர் எழுதிய பாட்டு உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வேலை வேறு, சொத்து வேறு. கூலிக்குப் பாடலாம், சொந்தப் பாட்டைக் கூலிக்கு எழுதிக் கொடுக்கக்கூடாது.

எங்கள் நாட்டுச் சட்டமும் பிள்ளைகளின் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டை ஆக்கியவரின் உரிமை அவர் வாழும் காலமும் அதன் பிறகு 70 வருடமும் நிற்கும். தன் பெயரைப் போடச் சொல்லும் உரிமை, வருமான உரிமையை விற்ற பிறகும் ஆக்கியவரிடமே இருக்கும். வாசித்தவருக்கும் தனி உரிமை உண்டு. ஆனால் சட்டம் இருப்பது ஒரு பக்கம், அதைக் கேட்டு வாங்குவது ஒரு பக்கம். சேமலாப நிதிச் சட்டமும் இருக்கத்தான் செய்கிறது. எத்தனை தோட்டத்தில் ஒழுங்காகக் கட்டினார்கள், எத்தனை பேருக்குச் சங்கம் போய் நின்ற பிறகு கிடைத்தது?

மூத்த தோழரின் கேள்விக்கு மரியாதையோடு என் பதில் இதுதான். ஆங்கிலத்தில் எழுதிய தாளை முன்னால் வைத்துக் ‘கைநாட்டு வை’ என்று சொல்லும்போது பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் எங்கள் பெரியவர்கள் சங்கம் கட்டினார்கள். தாளில் கொழுந்து என்று எழுதியிருந்தாலும் பாட்டு என்று எழுதியிருந்தாலும் அந்த வேலை ஒன்றுதான். தாத்தா 1964க்குப் பிறகு வாசிக்கத் தெரியாத படிவத்தில் பெருவிரல் பதித்தார். பேத்திக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் அந்தப் பதினொரு பக்கத்தில் ‘நிரந்தரமாக’ என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று காட்ட ஒருவர் வேண்டும். நான் எண்ணினேன், ஆறு தடவை.

ஆகவே கிளைக்கும் தலைமைக் காரியாலயத்துக்கும் என் வேண்டுகோள். படிவத்தைச் சங்கத்தின் சட்டத்தரணி ஒருமுறை பார்க்கட்டும். அதற்கு முன்னால், பிள்ளைகள் மூவரும் தப்புக்காரத் தோழரும் உட்கார்ந்து யார் சொல், யார் மெட்டு, யாருக்கு எவ்வளவு பங்கு என்று தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வைக்கட்டும். சாட்சிக்கு நான் நிற்கிறேன். மேதினத்துக்குப் படப் பாட்டுப் பாட வெளியூர் இசைக்குழு பிடிக்கிற காசில் ஒரு பங்கை, நல்ல ஒலிப்பதிவுக் கூடத்தில் இரண்டு நாளுக்குக் கடனாகக் கொடுக்கலாம். நன்கொடை வேண்டாம், கடன் போதும், அந்தப் பிள்ளைகளும் அதைத்தான் கேட்கிறார்கள். 2023 ஜூலையில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை 200 வருட ஞாபகமாக நடைபவனி போனபோது, மன்னார்ச் சனம் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தது. அந்தப் பாதையில் பாட எங்களிடம் சொந்தப் பாட்டு எத்தனை இருந்தது?

தப்புக்காரத் தோழரிடம் அல்பத்தில் என்ன பெயர் போடுவது என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அடையாள அட்டையில் ஒரு பெயர், ஊரில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் எழுத்துப் பிழையோடு இன்னொரு பெயர். ஒரு கிழமை யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாராம். கம்பனி கொடுத்த தவணை பதினைந்து நாள். அதில் ஒன்பது நாள் போய்விட்டது.